பூச்சாடியில் துப்பிய ஒயின்

மார்த்தா டீச்சருக்கு முப்பத்துநாலு வயது. அவரிடம் ஒயின் ருசிபார்க்கக் கற்றுக்கொள்ள வந்த சின்னப்பனுக்கு ஐம்பத்திரண்டு. அதனால் டீச்சர் அவரை "அண்ணே" என்பார். அவர் டீச்சரை "டீச்சர்" என்பார். இரண்டு பேருக்கும் இதில் ஒரு சங்கடமும் இல்லை.

டீச்சர் காரைக்கால்காரர். பாரீஸில் ஒரு பெரிய உணவகத்தில் ஒயின் பொறுப்பு முழுக்க அவருடையது. சின்னப்பன் புதுச்சேரிக்காரர். அதே உணவகத்தின் பின்கட்டில் இருபது வருஷம் பாத்திரம் கழுவியவர். மேசையிலிருந்து திரும்பி வரும் கண்ணாடிக் கோப்பைகளைத் தண்ணீரில் போடுமுன் ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோவது அவர் வழக்கம். ஒருநாள் டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். திட்டு விழப்போகிறது என்று சின்னப்பன் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"என்ன வாசனை அண்ணே அதுல?"

"மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி இருக்கு."

"திங்கட்கிழமை வீட்டுக்கு வாங்க" என்றார் டீச்சர்.

திங்கட்கிழமை உணவகத்துக்கு விடுமுறை. மூன்று வருஷமாக வாரம் தவறாமல் டீச்சர் வீட்டுச் சமையலறையில் பாடம் நடக்கிறது. பாடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. என்ன ஒயின் என்று தெரியாதபடி புட்டிகளுக்குப் பழைய காலுறை மாட்டியிருக்கும். நிறம் பார்க்க வேண்டும். முகர வேண்டும். ஒரு வாய் வாங்கி, நாக்கில் நாலு புரட்டு புரட்டி, மேசைக்கடியில் இருக்கும் வாளியில் துப்ப வேண்டும். பிறகு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

விழுங்கக் கூடாது. விழுங்கினால் நாலாவது புட்டிக்குள் நாக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும் என்பது டீச்சர் கட்சி.

சின்னப்பன் நல்ல மாணவர். மூன்று வருஷத்தில் ஒரு சொட்டு விழுங்கியதில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில்கூடத் துப்பினார்.

அந்தத் திங்கட்கிழமை அவர் வந்தபோது கையில் நோட்டு இல்லை. முகத்தில் மூன்று நாள் பட்டினி கிடந்தவர் களை. வந்தவர் நாற்காலியில் உட்காராமல் ஜன்னலோரம் நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"உண்மையைச் சொன்னது தப்பா?"

டீச்சர் அடுப்பில் இருந்த காப்பியை இறக்கினார். "யார்கிட்ட சொன்னீங்க?"

"சம்பந்தி வீட்டுல."

"என்னன்னு?"

சின்னப்பன் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் தரையைப் பார்த்துக்கொண்டே போயிற்று.

அவருக்கு ஒரே மகள், ஜோஸ்லின். கூடப் படித்த அந்துவான் என்கிற பையனை விரும்பினாள். பையனும் புதுச்சேரிக் குடும்பம்தான். அப்பா சவரிராயன் பஸ் ஓட்டுகிறார். தங்கமான மனிதர். பேச்செல்லாம் முடிந்து, நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறிக்க நேற்று, ஞாயிற்றுக்கிழமை மதியம், பையன் வீட்டில் விருந்து. சாப்பாட்டுக்கு நடுவில் சவரிராயன் எழுந்துபோய் ஒரு சிவப்பு ஒயின் புட்டியைத் துண்டால் துடைத்துக் கொண்டுவந்தார். சம்பந்தி ஒயின் படிக்கிறவர் என்று அவருக்குத் தெரியும். முதல் கோப்பையைத் தளும்பத் தளும்ப ஊற்றிச் சின்னப்பன் கையில் கொடுத்துவிட்டு, எதிரே நின்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கோப்பையைச் சுழட்டினேன். மேசை விரிப்புல கொஞ்சம் சிந்திருச்சு."

"சரி."

"மோந்து பார்த்தேன். ஒரு வாய் வாங்கினேன். புரட்டினேன். அப்புறம் பழக்க தோஷம்... கால் தானா வாளியைத் தேடிச்சு. அங்க ஏது வாளி?"

டீச்சர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்க துப்பினீங்க அண்ணே?"

"மேசையில ஒரு பூச்சாடி இருந்துச்சு."

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "பூவோடயா?"

"பிளாஸ்டிக் பூதான் டீச்சர்."

அவ்வளவுதான். டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேசையில் கவிழ்ந்து, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சின்னப்பன் ஜன்னலோரம் குற்றவாளி மாதிரி நின்றார்.

"சிரிக்காதீங்க டீச்சர். இன்னும் முடியலை."

"இதுக்கு மேலயுமா?"

"எப்படி இருக்கு சம்பந்தின்னு கேட்டார். நான் வாயைத் துடைச்சுக்கிட்டு, 'இது செத்து ரெண்டு வருஷமாச்சே'ன்னு சொல்லிட்டேன்."

டீச்சரின் சிரிப்பு நின்றது.

நிச்சயத்துக்குத் தேதி குறிக்க உட்கார்ந்த இடம். அங்கே அந்த வார்த்தை. பையனின் அம்மா பிலோமினா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனவர்தான். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "தேதியெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

"ஜோஸ்லின்?"

"பேச மாட்டேங்குது. காலையில காப்பியைக் கொண்டாந்து வச்சுச்சு. வச்ச சத்தமே சொல்லிருச்சு." சின்னப்பன் மூக்கை உறிஞ்சினார். "உள்ளதை உள்ளபடி சொல்லுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? செத்த ஒயினை உசிரோட இருக்குன்னு நான் எப்படிச் சொல்றது? சொல்லுங்க, நான் சொன்னது தப்பா?"

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. அந்த ஒயினை முறையாச் சொல்லுங்க. நிறத்துலேருந்து."

"இப்பவா?"

"இப்பத்தான்."

சின்னப்பன் கண்ணை மூடினார். ருசியை நினைவிலிருந்து எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முகத்தில் இருந்த துக்கம்கூடச் சற்று ஒதுங்கி நின்றது.

"நிறம் செங்கல் பொடி. ஓரத்துல துரு. வாசனை, காடி. அதுக்கடியில காய்ஞ்சு போன திராட்சை. நாக்குல ஒண்ணும் இல்ல. வெறும் புளிப்பு. தொண்டை வரைக்கும்கூட வராது."

"அவ்வளவுதானா?"

"இன்னொரு வாசனை இருந்துச்சு. பிடிபடலை."

"பிடிபடாத வாசனையை அப்படியே விட்டுட்டு வரச்சொல்லி நான் என்னைக்காவது சொல்லியிருக்கேனா?"

சின்னப்பன் நெற்றியைச் சுருக்கினார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். காப்பி ஆறியது.

"அந்துருண்டை" என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அந்துருண்டைதான் டீச்சர். புட்டி வாயில. தக்கையோட."

டீச்சர் "என்ன புட்டி?" என்று கேட்டார்.

"எங்க ஊர் சூப்பர் மார்க்கெட்ல அடித்தட்டுல கிடக்குமே, சேவல் படம் போட்டு. ரெண்டு யூரோவும் சில்லறையும்."

டீச்சர் எழுந்து செருப்பை மாட்டினார்.

* * *

சின்னப்பனும் சவரிராயனும் குடியிருக்கும் ஊர் பாரீஸுக்கு வடக்கே, ரயிலில் இருபது நிமிஷம். அந்த ஊருக்கு இருப்பது ஒரே சூப்பர் மார்க்கெட். ஒரு பக்கம் வாழைக்காய், கறிவேப்பிலை, மரவள்ளி எல்லாம் கிடைக்கும். இன்னொரு பக்கம் சுவர் நீளத்துக்கு ஒயின்.

மேல்தட்டு ஒயின்கள் கண்ணுக்கு நேரே நின்றன. கழுத்தில் பதக்கம் மாட்டியவை, மரப்பெட்டியில் படுத்தவை. டீச்சர் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே போய்க் கடைசித் தட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். பாரீஸில் பெரிய பெரிய ஆட்கள் யோசனை கேட்கும் பெண், பூண்டு பொறுக்க உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். சின்னப்பனும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார்.

சேவல் படம் போட்ட புட்டிகள் நாலைந்துதான் மிச்சம் இருந்தன. டீச்சர் ஒன்றை எடுத்துத் திருப்பி வருஷத்தைப் பார்த்தார்.

"போன வருஷத்து ஒயின். தட்டுல இருக்கிறது இவ்வளவுதான். எப்ப அண்ணே அடுக்குவாங்க?"

"வியாழக்கிழமை. திங்கட்கிழமைக்கெல்லாம் காலியாயிரும். இங்க எல்லாரும் வாங்கறது இதானே."

"ரெண்டு எடுத்துக்குங்க" என்றார் டீச்சர்.

கடைக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு பெஞ்சு. நல்ல வெயில். டீச்சர் பையிலிருந்து துணியில் சுற்றிய இரண்டு கோப்பைகளை எடுத்தார். அவர் எங்கே போனாலும் அவை கூடவே போகும். ஒரு புட்டியைத் திறந்து ஊற்றினார். வெயில் பட்டதும் கோப்பைக்குள் ஒரு சிவப்பு, குங்குமத்தைக் கரைத்த மாதிரி குதித்தது.

சின்னப்பன் முகர்ந்தார். புருவம் மேலே போயிற்று. ஒரு வாய் வாங்கினார். புரட்டினார். எழுந்து போய்ப் புல்லில் துப்பிவிட்டு வந்தார்.

"டீச்சர்!"

"சொல்லுங்க."

"இது உசிரோட இருக்கு!"

"முறையாச் சொல்லுங்க."

"நாவல்பழம். செர்ரி. கொஞ்சம் மிளகு. பெரிய ஒயின்னு சொல்ல முடியாது. ஆழம் கிடையாது. ஆனா..." வார்த்தை தேடினார். கிடைத்தது. "ஸ்கூல் விட்டதும் ஓடிவர்ற பிள்ளை மாதிரி இருக்கு. பையும் இல்ல, செருப்பும் இல்ல. ஓட்டம்தான்."

டீச்சர் சிரித்தார். "அப்ப, நேத்து குடிச்சது?"

"துப்பினது" என்று திருத்தினார் சின்னப்பன்.

"சரி, துப்பினது. அதுவும் இதே ஒயின்தானே? எப்படிச் செத்துச்சு?"

"வயசாகி. இதெல்லாம் ஒரு வருஷத்துல குடிச்சு முடிக்கிற சாதி. வச்சிருந்தா போயிரும்."

"கடையில வயசாச்சா?"

"கடையில எப்படி ஆகும்? வாரா வாரம்தான் காலியாயிருதே."

"அப்ப?"

"வீட்டுலதான்."

"வீட்டுல எங்க?"

சின்னப்பன் விழித்தார். டீச்சர் அவசரப்படவில்லை. தள்ளுவண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு ஒரு குடும்பம் கடந்து போயிற்று. அவர்கள் போகும்வரை காத்திருந்தார்.

"நம்ம வீடுகள்ல அந்துருண்டை எங்க அண்ணே கிடக்கும்?"

"பீரோவுல."

"பீரோவுல என்னென்ன வைப்பாங்க?"

"பட்டுப் புடவை. நகை. ஊர்ல இருக்கற வீட்டுப் பத்திரம். அப்பா அம்மா கல்யாண போட்டோ. அப்புறம்..."

சின்னப்பன் வாய் அப்படியே திறந்தபடி நின்றது.

கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு பெஞ்சின்மேல் நிற்கும் புட்டியைப் பார்த்தார். இரண்டு யூரோவும் சில்லறையும். சேவல் ஒரு காலைத் தூக்கி நின்றது.

"டீச்சர், சவரிராயனுக்கு மூணு மணிக்கு டூட்டி முடியும்" என்றார்.

"மணி ரெண்டே முக்கால்" என்றார் டீச்சர்.

* * *

கதவைத் திறந்தது சவரிராயன். உடம்பில் இன்னும் பஸ் கம்பெனிச் சட்டை. சின்னப்பனைக் கண்டதும் முகம் இறுகியது. ஆனாலும் வாசலுக்கு வந்த ஆளைப் போ என்று சொல்லத் தெரியாதவர்.

"வாங்க வாங்க" என்றார். "பூச்சாடியைக் கழுவித்தான் வச்சிருக்கோம்."

சின்னப்பன் அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டார். "இவங்க எங்க டீச்சர்."

"அப்படியா? துப்பறதுக்கு ஸ்கூல் வேற இருக்கா?"

"இருக்குங்க" என்றார் மார்த்தா டீச்சர் பணிவாக. "திங்கட்கிழமைதோறும்."

சவரிராயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காக வருத்தப்பட்டவர் மாதிரி உடனே அதை விழுங்கினார். உட்காரச் சொன்னார். உள்ளே சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம். பிலோமினா அங்கே இருந்தார். வெளியே வரவில்லை. கொதிக்கும் கருவாட்டுக் குழம்பின் மணம் மட்டும் வந்து இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தது.

வழியெல்லாம் சின்னப்பன் மன்னிப்புக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். உட்கார்ந்ததும் அத்தனையும் பறந்து போயிற்று. வேறொன்று வாயில் வந்தது.

"சம்பந்தி, அந்தப் புட்டியை எத்தனை வருஷமா பீரோவுல வச்சிருந்தீங்க?"

சவரிராயன் திகைத்தார். சமையலறைப் பக்கம் திரும்பி, "பிலோ, நீ சொன்னியா?" என்று குரல் கொடுத்தார்.

"நான் ஏன் சொல்றேன்? நான்தான் அவர்கிட்ட பேசவே இல்லையே!"

"பின்ன எப்படித் தெரியும்?"

"நாக்குல இருந்துச்சு" என்றார் சின்னப்பன். "நேத்தே இருந்துச்சு. நான்தான் கேக்காம விட்டுட்டேன்."

சவரிராயன் சட்டையின் மேல்பொத்தானைத் திறந்து கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"மூணு வருஷம் எட்டு மாசம்" என்றார். "அந்துவான் ஒருநாள் நான் ஓட்டற பஸ்லயே ஏறினான். என் முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, 'அப்பா, ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்கு'ன்னான். வண்டி ஓட்டறப்ப டிரைவரோட பேசக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கில்ல? அதைக் காட்டினேன். கடைசி ஸ்டாப்ல இறங்கித்தான் பேர் கேட்டேன். ஜோஸ்லின்னான். அப்பா என்ன பண்றார்னேன். ஒயின்ல கரை கண்டவர்னான்."

"அப்ப நான் தட்டுதான் கழுவிக்கிட்டிருந்தேன்" என்றார் சின்னப்பன். "சும்மா மோந்து பார்ப்பேன். அவ்வளவுதான்."

"பசங்க அப்படித்தான் பெருமையடிப்பாங்க. அன்னைக்குச் சாயங்காலமே போய் வாங்கினேன். எனக்கு ஒயின்ல அ, ஆ தெரியாது. பண்டிகைன்னா ரெண்டு பெக் விஸ்கி, அத்தோட சரி. ஒயினை வைக்க வைக்க உசத்தின்னு பஸ்ல ரெண்டு பேர் பேசிக்கிட்டு வந்தாங்க. இருட்டுல வைக்கணும், படுக்க வைக்கணும்னாங்க. நம்ம வீட்டுல இருட்டா இருக்கறது பீரோ ஒண்ணுதான். இவ கல்யாணப் புடவைக்குப் பக்கத்துல படுக்க வச்சேன்."

"என் புடவை ரெண்டைக் கீழ எடுத்து வச்சுட்டு!" என்றது சமையலறை.

"வாராவாரம் பீரோவைத் திறந்து பார்ப்பேன்" என்றார் சவரிராயன். "பையன் கல்யாணத்துக்குள்ள அது பெரிய ஒயின் ஆயிரும்னு நினைச்சேன்."

சின்னப்பன் கையைப் பிசைந்தார்.

"மிச்சம் இருக்கா?"

"இருக்கு. கொட்ட மனசு வரலை."

"கொண்டாங்க."

சவரிராயன் தயங்கித் தயங்கிப் புட்டியைக் கொண்டுவந்தார். சின்னப்பன் தானே ஊற்றிக்கொண்டார். சுழற்றவில்லை. முகரவில்லை. எடுத்துக் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. மார்த்தா டீச்சர் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்தில் அவர் பார்க்காத காட்சி அது. சின்னப்பன் கோப்பையை மிச்சம் வைக்காமல் காலி செய்து மேசைமேல் வைத்தார்.

"இப்ப நல்லாயிருக்கா?" என்று ஆசையாகக் கேட்டார் சவரிராயன்.

"நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு."

"அப்புறம் எதுக்குக் குடிக்கிறீங்க?"

"எனக்குன்னு யாரும் இத்தனை நாள் எதையும் பீரோவுல வச்சதில்ல சம்பந்தி."

சவரிராயன் கண்ணைத் துடைத்துக்கொள்ள, மூக்கைச் சிந்துவதைச் சாக்காக வைத்துக்கொண்டார். பிறகு, அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று, தானும் ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி வாயில் விட்டார்.

ஒரு கணம் சிலை மாதிரி நின்றார். கண் இரண்டும் பிதுங்கின. கன்னம் உப்பியது. அடுத்த கணம் சமையலறைக்குள் ஓடினார். தொட்டியில் துப்பும் சத்தம் இங்கே வரை கேட்டது.

"அய்யய்யோ! கண்றாவி! இதையா நான் உங்களுக்குக் கொடுத்தேன்?"

"ஏன், நேத்து நீங்க குடிக்கலையா?" என்று கேட்டார் டீச்சர்.

"இவர் என்ன சொல்றார்னு பார்த்துட்டுக் குடிக்கலாம்னு நின்னேன், அதுக்குள்ள இவர் அந்த வார்த்தையைச் சொல்லிட்டாரே! அப்புறம் எவன் குடிப்பான்?" சவரிராயன் வாயைக் கழுவிக்கொண்டு வந்தார். "செத்துப் போச்சுன்னு நாகரிகமாச் சொன்னீங்க சம்பந்தி. நான்னா நாறிப் போச்சுன்னு சொல்லியிருப்பேன்!"

மூன்று பேரும் சிரித்தார்கள். சவரிராயன் சின்னப்பன் தோளில் ஓங்கி அடித்தார். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

பிலோமினா சிரிக்கவில்லை. முந்தானையில் கை துடைத்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நீங்க ஆம்பளைங்க சிரிச்சுட்டுப் போயிருவீங்க" என்றார். "எனக்கு நேத்து ராத்திரி பூரா தூக்கமில்ல. அந்த வார்த்தைக்காக இல்ல. அது வாய் தவறி வந்தது, போகட்டும்."

"பின்ன என்ன தங்கச்சி?" என்றார் சின்னப்பன்.

"எங்க வீட்டுல எல்லாம் சுமார்தான். சாமான் சுமார், சமையல் சுமார், என் பிள்ளையும் ஒண்ணும் ராஜகுமாரன் இல்ல. நாளைக்கு இவங்க நாக்குல எது நிக்கும்? நேத்து ஒயினைத் துப்பினவர் நாளைக்கு என் பிள்ளையைத் துப்ப மாட்டார்னு எப்படி நம்பறது? அவர் வளர்த்த பொண்ணும் அப்படித்தானே இருக்கும்?"

சிரிப்பு அடங்கிப் போயிற்று. சவரிராயன் மனைவியைப் பார்த்தார். சின்னப்பன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ஒரு மரத்தைப் பார்த்தார்.

பிலோமினா உள்ளே போனார். போனவர் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றி, சின்னப்பன் முன்னால் கொண்டுவந்து வைத்தார். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க. வாய்க்கு இதமாச் சொல்ல வேணாம். உள்ளதைச் சொல்லுங்க."

சின்னப்பன் பிசைந்தார். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார்.

நாக்கு உடனே சொல்லிவிட்டது. அதற்கு அவர் வேலை செய்யச் சொல்லவே வேண்டாம். புளி சரி. கத்தரிக்காய் சரி. நெத்திலி நல்ல நெத்திலி. உப்பு கூட. கருவாட்டில் உப்பு இருக்கிறது என்பதை மறந்து, மனசை வேறெங்கோ வைத்துக்கொண்டு போட்ட உப்பு.

அவர் மென்றார். அவர் மகளின் வாழ்க்கை அந்த வாய்க்குள் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னால், எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது பொய் என்று தெரியும். சமைத்தவருக்குத் தெரியாத உப்பா? மெல்ல விழுங்கினார். இன்னொரு கவளம் எடுத்தார். அதையும் விழுங்கினார். தட்டில் இருந்தது முழுவதும் தீர்ந்தது. விரலை நக்கினார்.

"உப்பு ஒரு கல்லு கூட தங்கச்சி" என்றார்.

சவரிராயன் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

சின்னப்பன் காலித் தட்டை முன்னால் தள்ளினார். "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க."

பிலோமினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆள்காட்டி விரலால் தட்டில் ஒட்டியிருந்த குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"கூடத்தான் போயிருக்கு" என்றார். "நேத்திலேருந்து கை ஒரு நிதானத்துல இல்ல."

"நாளைக்கு இதுவே சுண்டக் காய்ச்சினா இன்னும் நல்லாயிருக்கும்" என்றார் சின்னப்பன்.

"நாளைக்கும் வருவீங்களோ?"

"கூப்பிட்டா."

பிலோமினாவின் உதட்டோரம் இழுத்தது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. உடம்பு கனத்தவர், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்துபோய் மூன்று கரண்டி ஊற்றினார். ஊற்றிவிட்டு, சுவரில் தொங்கிய மாதா படம் போட்ட காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார்.

"நிச்சயத்தை அடுத்த மாசம் வச்சுக்கலாம். ரெண்டாவது சனிக்கிழமை. அன்னைக்கு இவருக்கு டூட்டி இல்ல."

"பொண்ணுகிட்ட முதல்ல சொல்லுங்க சம்பந்தி" என்றார் சவரிராயன். "என் பையன் நேத்திலேருந்து சாப்பிடலை."

சின்னப்பன் கைபேசியை எடுத்தார். எச்சில் கையோடு மகளைக் கூப்பிட்டார். தேதியைச் சொன்னார். மறுமுனையிலிருந்து, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி ஒரு கூச்சல். சவரிராயன் காதைப் பொத்திக்கொண்டார். டீச்சர் கைதட்டினார்.

அதற்குப் பிறகு கார் நிறுத்துமிடத்தில் திறந்த புட்டி வெளியே வந்தது. அது தீர்ந்ததும் இரண்டாவது. வீட்டில் ஒரே மாதிரியான கோப்பை நாலு இல்லை. ஆகவே எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடித்தார்கள். எவர்சில்வரில் நிறம் தெரியாது, வாசனை நிற்காது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சவரிராயன் பயந்துகொண்டே ஒரு வாய் வாங்கினார். முகம் மலர்ந்தது. "அட, இதுதான் அதுவா?" என்றார். "அன்னைக்கே திறந்திருக்கலாமே!" பிலோமினா அரை டம்ளர் குடித்தார். அப்பளம் பொரித்தார். இன்னொரு அரை டம்ளர் குடித்தார்.

மார்த்தா டீச்சர் டம்ளரைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

பிலோமினா அவர் பக்கம் திரும்பினார். குடித்திருந்ததால் குரலில் ஒரு தாராளம் வந்திருந்தது.

"ஏம்மா, நீதான் இவருக்கு வாத்தியாராமே. நேத்து வந்தவர் வேற, இன்னைக்கு வந்தவர் வேறயா இருக்காரே. ஒரே நாள்ல அப்படி என்னம்மா கத்துக்கொடுத்தே?"

டீச்சர் காலி டம்ளரை நீட்டினார்.

"எனக்குத் துப்ப மட்டும்தாம்மா கத்துக்கொடுக்கத் தெரியும்" என்றார். "விழுங்கறதுக்குத்தான் உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்."